ரீட்மீயில் பெயர் போட்டவன் குற்றவாளியா?

தம்பி, தங்கச்சி, ஒரு நிமிஷம்.

2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் திட்டத்தின் கிட்ஹப் பக்கத்தில் நடந்தது தெரியுமா? எத்தனையோ இணையதளங்கள் அதை நம்பி ஓடுகின்றன. அங்கே நம் நாட்டு மாணவர்கள் வரிசைகட்டிப் போய் புல் ரிக்வெஸ்ட் போட்டார்கள். என்ன திருத்தம்? ரீட்மீ கோப்பில் தங்கள் பெயர். அவ்வளவுதான்! ஒரு வீடியோ பாடத்தில் செய்து காட்டியதை அப்படியே செய்திருக்கிறார்கள். 2020 ஹேக்டோபர்ஃபெஸ்டில் ஒரு டி-ஷர்ட்டுக்காக இதே கூத்து. கடைசியில், சம்மதம் சொன்ன திட்டங்களில் மட்டும்தான் பங்கேற்கலாம் என்று நடுவழியில் விதியையே மாற்றினார்கள்.

உடனே கிளம்பிட்டாங்க ஒரு கூட்டம். "தெருவுக்கு நாலு எஞ்சினியரிங் காலேஜ் திறந்தா இப்படித்தான். இதுங்களுக்கு எதுக்கு கோடிங்?"

அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. நாலு வருஷம் படிச்ச பையனுக்கு கிட் என்றால் என்னன்னு வகுப்பில் யார் சொல்லிக் கொடுத்தாங்க? நான் படித்த காலேஜில் ரெக்கார்டு நோட்டில் புரோகிராமை கையால் எழுதினோம். அவுட்புட்டை பென்சிலால் வரைந்தோம்! மார்ஜின் சரியில்லைன்னு திருப்பிக் கொடுப்பாங்க. லாஜிக் தப்பா இருந்தா யாருக்கும் தெரியாது. அடுத்தவன் எழுதிய கோடைப் படிக்கவோ, அதில் தப்பு கண்டுபிடிக்கவோ ஒரு பீரியடு கூட கிடையாது. சொல்லித் தராமலே விட்டுவிட்டு, தெரியலைன்னு சிரிப்பது என்ன நியாயம்?

அதே நேரம் தம்பி, உன்கிட்டயும் சொல்லணும். பெயர் சேர்ப்பது பங்களிப்பு இல்லை. இப்போ ஏஐ எழுதித் தருவதைப் படிக்காமல் ஒட்டுவதும் அதே ரகம். மறுமுனையில் உட்கார்ந்து அதையெல்லாம் ஒவ்வொன்றாக மூடுபவரும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத மனுஷன்தான்.

என் கதைக்கு வர்றேன். முதல் தலைமுறைப் பட்டதாரி, தமிழ்வழிப் பள்ளி. ஒரு வழிகாட்டித் திட்டத்துக்கு முதல் வருஷம் விண்ணப்பித்தேன், தேறவில்லை. ஆனால் அந்த ப்ராஜெக்டை விடவில்லை. பெயரை நீளம் பார்த்து வெட்டிக் காட்டும் ஒரு சின்ன பகுதி அதில் இருந்தது. "தமிழ்" என்பது நமக்கு மூணு எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாலோடு வெட்டினால் புள்ளி விழுந்து "தமிழ" என்று நிற்கும். பெர்லினில் இருந்த மெயின்டெயினருக்கு இது கண்ணிலேயே படவில்லை. எப்படிப் படும்? எனக்குப் பட்டது. என் உடைந்த ஆங்கிலத்தில் இஷ்யூ எழுதினேன், ஸ்க்ரீன்ஷாட் போட்டேன். அவர் பதினான்கு கமெண்ட் போட்டுத் திருத்த வைத்தார். மூணு வாரம் கழித்து மெர்ஜ் ஆச்சு. அன்றைக்கு அம்மாவிடம் காட்டினேன். "இதுக்கு எவ்வளவு தருவாங்க?" என்றார்.

நியாயமான கேள்விதானே! காசில்லாமல் ஆறு மாசம் கோடு எழுத வசதியான வீட்டுப் பிள்ளையால்தான் முடியும். அதனால்தான் உதவித்தொகை தரும் வழிகாட்டித் திட்டங்களைப் பற்றிக் கத்திக் கத்திச் சொல்றோம். 2006-ல் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்காக ஜிநோம் அமைப்புக்கு வந்த ஏறத்தாழ 200 விண்ணப்பங்களில் ஒரு பெண் கூட இல்லை. அவர்கள் "தகுதியான பெண்கள் இல்லை" என்று கையை விரிக்கவில்லை. பெண்களுக்கென்று தனித் திட்டம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைக்கு அவுட்ரீச்சி. மூன்று மாதம், 7000 டாலர், எந்த நாடாக இருந்தாலும் அதே தொகை. விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள்: உன் துறையில் நீ என்ன பாகுபாட்டைச் சந்தித்தாய்? மெரிட், மெரிட் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கட்டும். இடஒதுக்கீடு என்றால் தரம் போச்சு என்று புலம்புகிறவர்களின் லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளிலும் இப்படி வந்தவர்களின் கோடு ஓடிக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு செய்தி. 2005-ல் தொடங்கிய சம்மர் ஆஃப் கோடின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது எந்தப் பல்கலைக்கழகம்? அமெரிக்காவில் தேடாதீர்கள். இலங்கையின் மொரட்டுவ! போர் நடந்த நாடு அது. சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக் கொடுத்தால் எங்கும் நடக்கும். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடக் கணினிகளே லினக்ஸில் ஓடுகின்றன.

ஆகவே கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்கிறோம். இரண்டாம் ஆண்டிலேயே கிட்டும் லினக்ஸும் லேபில் வரட்டும். ஏற்கப்பட்ட பங்களிப்பை இன்டர்ன்ஷிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தால் கிடைக்கும் பத்து நாள் சர்டிபிகேட்டை ஏற்கும் உங்களுக்கு, உலகமே பார்க்கும் கோடை ஏற்க என்ன தயக்கம்?

தம்பி, நீ அதுவரை காத்திருக்காதே. சம்மர் ஆஃப் கோடு 2022 முதல் மாணவர் அல்லாதோருக்கும் திறந்திருக்கிறது, 18 வயது ஆனால் போதும். அவுட்ரீச்சி வருஷத்துக்கு இரண்டு சுற்று. நீ தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளை எடு. அதில் உன் பெயரைத் தமிழில் டைப் பண்ணு. எங்கே உடையுதுன்னு பார். உடைஞ்சா இஷ்யூ எழுது. ஆங்கிலம் தடுமாறினால் இன்பாக்ஸுக்கு வா, ராத்திரி பத்து மணிக்கு மேல் நாங்க நாலு பேர் இருப்போம்.