சலம் கட்டுப்படாத முதியவருக்குக் குழாய்தான் மருந்தா?

ஆசிரியர் அவர்கட்கு,

எமது திருகோணமலை மாவட்டத்து வைத்தியசாலையொன்றின் விடுதி வாசலில் ஒட்டப்பட்ட அறிவித்தலைப் பற்றிக் கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். சலம் கட்டுப்படாத முதிய நோயாளருக்கு உறவினர் பம்பஸ் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், தவறினால் சலக்குழாய் போடப்படும் என்பதே அதன் சாரம். பம்பஸ் விற்கிற விலையில் இது நியாயமா என்றுதான் பலரும் முறையிட்டிருக்கிறார்கள். என் ஆத்திரம் அறிவித்தலின் பின்பாதியைப் பற்றியது. ஆபத்துள்ள ஒரு சிகிச்சை முறையை, பொருள் வாங்கித் தர வழியில்லாத குடும்பத்துக்கான தண்டனையாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். செய்தி வந்த பிறகும் பொறுப்பான எவரும் வாய் திறக்கவில்லை.

சலக்குழாய் போடுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. புரோஸ்டேட் வீங்கிச் சலம் அடைத்துப்போனவருக்கு அது உயிர் காக்கும். மணிக்கு மணி சலத்தை அளக்க வேண்டிய கடும் சுகவீனத்தில் அது தேவை. பிட்டத்தில் ஆழமான படுக்கைப்புண் உள்ளவருக்குப் புண் ஆறும் வரை வைப்பதும் சரி. விரிப்பு மாற்ற ஆளில்லை என்பதோ, பம்பஸ் வரவில்லை என்பதோ எந்தத் தாதியியல் பாடத்திலும் காரணமாகச் சொல்லப்படவில்லை. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சலத்தில் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடுகிறது. ஒரு மாதம் கிடந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி இருக்கும். பலருக்கு அதனால் தொல்லை வராது. வருகிற சிலருக்கு அது இரத்தத்தில் ஏறி உயிரையே கேட்கும். குழாய் போட்டவரைத் தள்ளுகட்டிலில் ஏற்றும்போது சலம் சேரும் பையைத் தூக்கி அவர் வயிற்றின் மேலேயே வைத்துவிடுவது நடக்கிற காரியம். பைக்குள் தேங்கிய பழைய சலம் குழாய் வழியே திரும்பவும் உள்ளே இறங்கும். தொடைக்கடியில் குழாய் மடிந்து கிடந்தால் வயிறு முட்டிப்போகும், வாய் திறந்து சொல்ல முடியாதவர் முனகிக்கொண்டு கிடப்பார். புத்தி தடுமாறியவர் என்றால் பிடித்து இழுப்பார். உள்ளே ஊதிய பலூனோடு குழாய் வெளியே வந்து இரத்தம் கொட்டும். அதற்குப் பிறகு அவருடைய கைகளைக் கட்டிலோடு கட்டுவார்கள். நடந்து வந்து கட்டிலில் ஏறிய மனிதர் நடையை மறந்து வீடு திரும்புவதற்கு இந்த வழி போதும்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது, வயசு போனால் சலம் அப்படித்தான் போகும் என்ற எண்ணம். வீட்டில் அப்படி நினைத்தால் அறியாமை என்று விடலாம். வைத்தியசாலை அப்படி நினைக்கக் கூடாது. முதுமையில் சலப்பை கொஞ்சம் பலவீனப்படுவது உண்மைதான், ஆனால் திடீரென்று கட்டுப்பாடு போகிறதென்றால் அநேகமாகத் தேடினால் அகப்படக்கூடிய ஒரு காரணம் இருக்கும். சலத்தில் கிருமி, பல நாள் மலச்சிக்கல், கட்டுப்படாத சீனி, காய்ச்சலிலோ மருந்திலோ வந்த புத்தித் தடுமாற்றம், தூக்கக் குளிசை, கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் சலம் போகச் செய்யும் குளிசை, மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு உண்டாகும் வறட்சி என்று அந்த வரிசை நீளும். மலம் இறுகிக் கிடந்து சலப்பையை அமுக்கினால், அதை வெளியேற்றிய மறுநாளே சலம் கட்டுப்படுவதும் உண்டு. பின்னேரத்தில் கொடுக்கும் சலம் போகச் செய்யும் குளிசையைக் காலைக்கு மாற்றினாலே இரவில் நனைவது குறையும். இன்னொரு காரணம் உடம்பில் இல்லவே இல்லை. பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்தவர் சலம் வருகிறதென்று உணர்ந்து, உயரமான கட்டிலிலிருந்து காலை இறக்கி, ஈரத் தரையில் நடந்து, விடுதியின் அந்தக் கோடியிலிருக்கும் குந்தும் மலசலகூடத்தை அடைந்து, ஒற்றைக் கையால் சாரத்தை அவிழ்க்க வேண்டும். அதற்குள் நனைந்துவிட்டால் அவருடைய சலப்பையில் பழுது என்று எழுதுவது எந்த நியாயம்?

இதற்கான தாதியப் பராமரிப்பு ஒன்றும் புதிரானதல்ல. பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளரிடம் போய், நனைந்திருக்கிறதா என்று பார்த்து, சலம் போக வேண்டுமா என்று கேட்டு, அழைத்துப்போய், நனையாமல் இருந்தால் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். மூன்று நாளைக்கு எப்போது போனது, எவ்வளவு போனது, என்ன குடித்தார் என்று ஒரு தாளில் குறித்தால் அவருக்குரிய நேரம் பிடிபடும். உலக சுகாதார நிறுவனம் 2017 இல் முதியோர் பராமரிப்புக்கு வெளியிட்ட வழிகாட்டலில், நினைவு மங்கியவர்களுக்கு இப்படிக் கேட்டு அழைத்துச் செல்வதையும், முதிய பெண்களுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சியையும் பரிந்துரைத்திருக்கிறது. எல்லோரும் இதனால் தேறிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. 1980களில் அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் செய்த ஆய்வுகளில் 25 முதல் 40 சதவீதத்தினர் நல்ல பலன் கண்டார்கள், அவர்கள் யார் என்பது சில நாள் முயற்சியிலேயே தெரிந்தது. மிச்சப் பேருக்குப் பம்பஸ் தேவைப்படலாம், அது குற்றமில்லை. ஆனால் கேட்டுப் பார்ப்பதற்கு முன்பே எல்லோருக்கும் கட்டிவிடுவது, பத்தில் மூன்று நான்கு பேரிடமிருந்து மீளக்கூடிய ஒன்றைப் பறிப்பதாகும். மணிக்கணக்காக நனைந்த பம்பஸில் கிடக்கிற தோல் சிவந்து, வெந்து, உரிந்துபோகும் என்பதைத் தாதியர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாதியர் போதாது என்பார்கள். அது பொய்யல்ல, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது ஊரறிந்தது, மிஞ்சியிருப்பவர்கள் இரண்டு பேர் வேலையை ஒருவராகச் சுமக்கிறார்கள். இந்தக் கடிதம் அவர்களுக்கு எதிரானதல்ல. ஆனால் நனைந்த விரிப்பையும் உடுப்பையும் மாற்றுவதும், படுக்கைப்புண்ணுக்கு நாள்தோறும் மருந்து கட்டுவதும், குழாயால் வந்த காய்ச்சலுக்கு ஊசி ஏற்றுவதும், சலம் வழிந்த தரையில் வழுக்கி இடுப்பு முறிந்தவரைப் பார்ப்பதும் யாருடைய நேரம்? அதே தாதியருடைய நேரந்தான். கேட்டு அழைத்துப்போகிற வேலைக்குப் பட்டமும் தேவையில்லை, சிற்றூழியர்களைச் சில நாளில் பழக்கலாம். கட்டிலருகே ஒரு கொமட் கதிரை, ஆண்களுக்கு ஒரு சலப்போத்தல், சுவரில் ஒரு கைப்பிடி, இவை வாங்கக் காசில்லை என்று ஒரு சுகாதாரத் திணைக்களம் சொல்லுமானால் அதன் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் பார்க்கட்டும் என்பது அடுத்த நியாயம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தன்னைத் தானே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோர வழிசெய்கிறது. வேண்டிய சட்டம். வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் நோயாளியின் தாதியப் பராமரிப்பை அந்தச் சட்டம் பிள்ளையின் தலையில் ஏற்றவில்லை. வெருகலிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களில் கூலி வேலையை விட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? 2025 வரவு செலவுத் திட்டத்தில் முதியோர் கொடுப்பனவை 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக்கினார்கள். நாளைக்கு நாலு பம்பஸ் என்றால் மாதம் 120. சாப்பாட்டுக்கு ஒரு சதமும் எடுக்காமல் முழுக் காசையும் இதற்கே கொடுத்தாலும் ஒன்றுக்கு 42 ரூபாய்கூட வராது. அந்த விலைக்குப் பெரியவர்களுக்கான பம்பஸ் தருகிற கடை திருகோணமலையில் எங்கேயிருக்கிறது? காசில்லாத வீட்டுக்காரர் செய்வது என்னவென்றால் தண்ணீரைக் குறைப்பது. குடித்தால்தானே போகும் என்று ஒரு நாளைக்கு ஒரு பிளேன்டீயோடு நிறுத்துகிறார்கள். சலம் தடித்துச் சலப்பை எரிகிறது, மலம் இறுகுகிறது, இருந்த கட்டுப்பாடும் போய்விடுகிறது. அறிவித்தல் எழுதியவர்கள் இந்த விளைவை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இலங்கையில் 65 வயதைத் தாண்டியோர் 2012 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 8 பேரளவில் இருந்தார்கள், 2024 இல் 12 பேரைத் தாண்டிவிட்டார்கள். இது திடீரென்று வந்த வெள்ளமல்ல, வருமென்று எல்லாத் திட்ட அறிக்கையிலும் எழுதி வைத்ததுதான். ஆனாலும் ஒக்டோபர் முதலாம் திகதி முதியோரை மேடையில் இருத்தி மாலை போடுகிற அதிகாரிகள், அவர்கள் மேடைக்கு ஏறுமுன் சலம் போக இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. கூச்சத்தில் முதியவர்கள் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் கேட்பது கடமையாகிறது.

கிழக்கு மாகாண சுகாதார அமைச்சும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் அந்த அறிவித்தலை உடனே அகற்றச் செய்ய வேண்டும். எந்த விடுதியிலும் எந்தக் காரணத்துக்குச் சலக்குழாய் போடப்பட்டது, எப்போது எடுக்கப்படும் என்று நோயாளர் பதிவில் ஒவ்வொரு நாளும் எழுத வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். கிளினிக்குகளில் சீனியும் பிரஷரும் கேட்கிறபோது, சலம் கட்டுப்படுகிறதா என்ற ஒரு கேள்வியையும் சேர்க்க வேண்டும்; எங்கள் கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலையிலும் அதைக் கேட்கலாம், இடுப்புத்தசைப் பயிற்சியும் சொல்லிக் கொடுக்கலாம். குழாயைத் தண்டனையாக எழுதி ஒட்ட அனுமதி கொடுத்தவர் யார் என்பதையும் வெளியே சொல்ல வேண்டும். பதில் வரும்வரை உங்கள் பத்திரிகை இதை விடாமல் கேட்க வேண்டுமென்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கப்பல்துறை.