மீனை ஏன் ஒளிக்கிறீர்கள்?

நான் கிறிஸ்தவன். பத்து வருடமாகக் கறியும் மீனும் தொடுவதில்லை. அதனால் இது என் சொந்தக் கட்சிக்காரர்களோடு போடும் சண்டை.

‘இயேசு சைவர்’ என்று நிரூபிக்கக் கிளம்பியவர்களைச் சொல்கிறேன். பீட்டா அமைப்பு அமெரிக்காவில் இதை விளம்பரப் பலகையிலேயே எழுதி வைத்தது. லூக்கா 24-ஐத் திறந்தால் கதை முடிந்தது. உயிர்த்தெழுந்தவர் சீடர்களிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்முன்னே சாப்பிடுகிறார். தான் ஆவி இல்லை என்பதற்கு அவர் காட்டும் ஆதாரங்களில் ஒன்று அந்த மீன். அதைப் பிற்சேர்க்கை என்று தள்ளிவிடப் பார்க்கிறார்கள். டெஸ்ட் ஃபெயில் ஆனால் டெஸ்டையே அழித்துவிடும் ஆள் எங்கள் வேலையிலும் உண்டு. அவர் எழுதிய கோடை யாரும் நம்புவதில்லை.

இவர்களுக்கு இதைவிட நல்ல முன்னோர்கள் இருக்கிறார்கள். 1809-இல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் வில்லியம் கவ்ஹெர்ட் பைபிள் கிறிஸ்டியன் சபையைத் தொடங்கினார். சேருகிறவர்கள் இறைச்சியும் மதுவும் விட வேண்டும். ஆனால் அதோடு நிற்காமல் அங்கிருந்த ஏழைகளுக்குக் காய்கறி சூப் ஊற்றினார். அந்தச் சபையைச் சேர்ந்த ஜோசப் பிரதர்ட்டன் எம்.பி. ஆகி, ஆலையில் வேலை நேரத்தைக் குறைக்கப் போராடினார். 1847-இல் ராம்ஸ்கேட்டில் வெஜிடேரியன் சொசைட்டி உருவான கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். ஆட்டுக்கு இரங்கிய மனசு ஆலைக்குப் போன சிறுவனுக்கும் இரங்கியது.

நம்மூரில் இது வேறு கதை. சைவம் என்ற சொல்லே இங்கே ஒரு மதத்தின் பெயர். வாடகைக்கு வீடு தேடும்போது அது சாதியின் பெயர். 1606-இல் மதுரை வந்த ராபர்ட் தெ நோபிலி புலால் விட்டது விலங்குகள் மேல் உள்ள பரிவால் அல்ல, மேல்சாதியினர் தன்னை ஏற்க வேண்டும் என்பதற்காக. ஏற்கெனவே அங்கிருந்த பரவர் கிறிஸ்தவர்களிடமிருந்து தள்ளியே வாழ்ந்தார். அந்த மண்ணில் நின்றுகொண்டு ‘இயேசு சைவர்’ என்றால், தூத்துக்குடியில் வலை இழுக்கிறவர் காதில் அது எப்படி விழும்? படகிலிருந்து சீடர்களைக் கூப்பிட்டவரை அவர் தட்டிலிருந்தே பிடுங்குகிற மாதிரி.

சரி, பிறகு எதை வைத்துப் பேசுவது? உண்மையை வைத்து. புதிய ஏற்பாட்டில் அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லும் கட்டளை எதுவும் கிடையாது. வில்பர்ஃபோர்ஸ் அதற்காகக் காத்திருக்கவில்லை. இயேசு அடிமை வியாபாரத்தைக் கண்டித்துப் பேசியதாக வசனம் ஜோடிக்கவும் இல்லை. இரக்கம் என்று கற்றதை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார், அவ்வளவுதான். கலிலேயா ஏரியில் ராத்திரி முழுக்கக் காத்திருந்து பிடித்த மீன் வேறு, சிறகு விரிக்க இடமில்லாத கூண்டில் அடைத்து வளர்க்கும் கோழி வேறு. இந்த வித்தியாசத்தைப் பேச எந்த வசனத்தையும் அழிக்கத் தேவையில்லை.

பவுல் ரோமருக்கு எழுதியதில் 14-ஆம் அதிகாரம் இருபக்கமும் அடிக்கிறது: சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை இளக்காரம் செய்யக் கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

இயேசு மீன் சாப்பிட்டார். ஆனாலும் நான் சாப்பிடுவதில்லை. அந்த ‘ஆனாலும்’ என் பொறுப்பு. அதை அவர் தலையில் கட்ட மாட்டேன்.