கேள்வியும் நாணயமும்

கல்வி அதிகாரி வகுப்பைப் பார்வையிட வருகிறார் என்று தெரிந்தால் உபாத்தியாயர்களில் சிலர் ஒரு தந்திரம் செய்வதுண்டு. முந்தின நாளே நாலு கெட்டிக்காரப் பையன்களை அழைத்து, "நாளைக்கு நீ இந்தக் கேள்வியைக் கேள்" என்று சொல்லிவைத்து விடுவார்கள். மறுநாள் கேள்விகள் மழையாய்ப் பொழியும். பதில்களும் தங்குதடையின்றி வரும். அதிகாரி மகிழ்ந்து போவார். பாடம் புரியாத பையனோ கடைசிப் பெஞ்சியில் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பான். நான் இந்தப் பாவத்தைச் செய்ததேயில்லை என்று சொல்வதற்கில்லை.

சென்ற மாதம் அறந்தாங்கிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன்; இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த இரண்டு லட்ச ரூபாயை, புதிதாய்க் கிளம்பியிருக்கும் ஒரு கிரிப்டோ நாணயத்தில் போடும்படி மகன் வற்புறுத்துகிறானாம்.

"வாத்தியார் ஐயா, அவர்கள் எதையும் ஒளிப்பதில்லையாம். இன்று ராத்திரி எட்டு மணிக்கு முதலாளியே டெலிகிராமில் வருகிறாராம். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாமாம். எனக்காக நீங்கள் கேட்டுப் பாருங்கள்" என்றார்.

கிரிப்டோ நாணயம் என்பது கையில் எடுத்துப் பார்க்கக் கூடியதன்று. பல கம்ப்யூட்டர்களில் ஒரே சமயத்தில் எழுதப்படும் பேரேட்டில் ஒரு வரவு, அவ்வளவுதான். 2009-இல் தோன்றிய பிட்காயினைப் பின்பற்றி ஆயிரக் கணக்கான நாணயங்கள் முளைத்துவிட்டன. விஷயம் தெரிந்தவர் ஒரு பிற்பகலிலேயே புது நாணயம் ஒன்றை உண்டாக்கிவிடலாம். அதை ஜனங்கள் வாங்கும்படி நம்பிக்கை உண்டாக்குவதுதான் கஷ்டம். அதற்குக் கண்டுபிடித்த வழிகளில் ஒன்றே இந்தக் கேள்வி நேரம்.

"என்னை எதையும் கேளுங்கள்" என்னும் இவ்வழக்கம் ரெடிட் என்ற இணையதளத்தில் பிரபலமானது. 2012 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவே அங்கே வந்து பதில் சொன்னார். வழக்கம் நல்லதுதான். எதீரியம் நாணயத்தின் ஆராய்ச்சியாளர்கள் அங்கே கடினமான கேள்விகளுக்கும் விவரமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் புது நாணய வியாபாரிகளிடம் வந்தபோது இதன் ரூபம் மாறிவிட்டது. கேள்விகளை முன்னதாகவே சேகரித்து, பிடித்தவற்றைப் பொறுக்கிக் கொள்கிறார்கள். நல்ல கேள்வி கேட்ட ஐந்து பேருக்கோ பத்துப் பேருக்கோ அந்த நாணயத்திலேயே பரிசு. எது நல்ல கேள்வி என்று தீர்மானிப்பவர் விற்கிறவர்! பரிசு வேண்டுகிறவன் "பணம் எங்கே?" என்று கேட்பானா? "உங்கள் மகத்தான திட்டத்தின் அடுத்த படி என்ன?" என்றுதான் கேட்பான்.

அன்றிரவு நானும் ஒரு கேள்வி எழுதினேன்: "இன்று போட்ட பணத்தை ஒருவர் நாளைக் காலை திருப்பிக் கேட்டால், கொடுப்பவர் யார்? எதிலிருந்து கொடுப்பார்?" சில விநாடிகள் அது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு மறைந்தது. சற்று நேரத்தில் என்னையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பெரிய இடங்களில் இதே வித்தை பெரிதாக நடந்திருக்கிறது. அலெக்ஸ் மஷின்ஸ்கி என்பவர் 2017-இல் ஸெல்ஸியஸ் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். கிரிப்டோவை ஒப்படைத்தால் வருஷத்துக்கு 17 சதவீதம் வரை வட்டி என்றார். வங்கிகள் உங்கள் சிநேகிதர்கள் அல்ல என்று அச்சடித்த சட்டையை அணிந்து வந்தார். வெள்ளிக்கிழமை தோறும் யூடியூபில் "மஷின்ஸ்கியை எதையும் கேளுங்கள்" என்று ஜனங்களுக்குப் பதிலளித்தார். 2022 ஜூன் 10-ஆம் தேதி நிகழ்ச்சியில், தங்களிடம் நூறு கோடிக் கணக்கில் டாலர் கையிருப்பு உண்டென்றார். 12-ஆம் தேதி பணம் எடுக்கும் வாசலை அடைத்துவிட்டார்கள். ஜூலையில் திவால். வாடிக்கைக்காரர்களுக்குச் சேரவேண்டியிருந்தது சுமார் 470 கோடி டாலர்.

நீதிமன்றம் நியமித்த பரிசோதகரின் அறிக்கை 2023 ஜனவரியில் வெளிவந்தது. நிகழ்ச்சி முடிந்தபின் சிப்பந்திகள் அதைப் பார்த்து, முதலாளி சொன்ன பொய்களை வெட்டியெடுத்துவிட்டுப் பதிவை வைத்தார்களாம். நேரில் கேட்டு நம்பியவர்களுக்கோ, "அது பிசகு" என்று ஒருவரும் சொல்லவில்லை. மஷின்ஸ்கி 2024 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 மே மாதம் 12 வருஷச் சிறைத் தண்டனை பெற்றார்.

நம் நாட்டில் கிரிப்டோ வாங்குவது குற்றமல்ல. லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி உண்டு. அதே மாதம் முதல், கிரிப்டோ விளம்பரங்களில் ஓர் எச்சரிக்கை வேண்டுமென்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் விதித்தது: இது ஒழுங்குமுறைக்கு உட்படாதது, அபாயம் மிகுந்தது, நஷ்டம் வந்தால் பரிகாரம் கிடைக்காமல் போகலாம் என்பது அதன் சாரம். நான் இருந்தவரையில் அந்தக் கேள்வி நேரத்தில் இந்த எச்சரிக்கை காதில் விழவில்லை. விளம்பரம் சம்பாஷணையின் வேஷத்தில் வந்தால் எச்சரிக்கையை யார் தேடுவார்கள்?

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குச் சொந்த நாணயம் இருந்தது. அம்மன் காசு என்ற அந்தச் சின்னஞ்சிறு செப்புக்காசின் ஒரு பக்கம் பிருஹதாம்பாள். மறுபக்கம் "விஜய" என்று தெலுங்கு எழுத்து. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. அற்பக் காசுதான், ஆனால் அடித்தது யார் என்று கேட்டால் சந்தைக்கு வந்த கிழவியும் பதில் சொல்வாள். நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறிக்கிறோமே, அதன் அர்த்தம் இதுதான்.

மறுநாள் குடியானவர் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். "அப்படியானால் தபாலாபீஸிலேயே இருக்கட்டும்" என்றார். பிறகு, "பையன் ராத்திரி போன் பண்ணினான் ஐயா. அவன் கேட்ட கேள்விக்குப் பரிசு கொடுத்தார்களாம்" என்று தயக்கத்துடன் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. அதிகாரி வந்த நாளில், நான் சொல்லிக்கொடுத்த கேள்வியைத் தவறாமல் கேட்டவன் அந்தப் பையன். கேட்பவருக்குத் தெரியாததைக் கேட்பதே கேள்வி என்று அவனுக்கு நான் கற்பிக்கவில்லை. இன்றிரவு அவனுக்குக் கடிதம் எழுதப் போகிறேன். பரிசு வாங்கிய அதே இடத்தில் என் கேள்வியை அவனும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும்.