கொலோன் போகும் முன் கீழப்பழுவூர்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். குக்கர் எடுத்துக்கோ, பருப்புப் பொடி கட்டிக்கோ, ஸ்வெட்டர் இங்கேயே வாங்கிடு, பாஸ்போர்ட் நகல் ரெண்டு தனியா வை... பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒரு பெட்டியை அடுக்கக் குடும்பமே கூடி உட்கார்ந்து யோசிக்கும். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. போகிற ஊரை எப்படிப் பார்ப்பது?

இது என்ன பெரிய வித்தையா, கண் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கலே!

ஜெர்மனியின் கொலோன் நகருக்குத் தனியாகப் போகும் ஒரு மாணவரை நினைத்துப் பாருங்கள். ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால் எதிரே 157 மீட்டர் உயரத்துக்குப் பெரிய கோயில், அதாவது கதீட்ரல், நிற்கிறது. வாயைப் பிளந்து பார்ப்பார், நாலு படம் எடுப்பார், வீட்டுக்கு அனுப்புவார். அத்தோடு முடிந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து அறை, வகுப்பு, சூப்பர் மார்க்கெட், பகுதிநேர வேலை. நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் குளிர்காலத்தில் பேச ஆளில்லாமல் போனையே வெறித்துக்கொண்டிருப்பார். வெளியே இரண்டாயிரம் வருடத்து ஊர் ஒன்று சும்மா கிடக்கும்.

பழைய நகரத்துக்குத் தனியாகப் போகிறவருக்கு அந்த ஊர்க் கட்டடங்களே நல்ல துணை. ஆனால் அவை பேசுவது காதில் விழ வேண்டுமென்றால் அவற்றின் பாஷை கொஞ்சமாவது தெரிய வேண்டும். அதைப் பழக விமானம் ஏற வேண்டியதில்லை. திருச்சி - சிதம்பரம் சாலையும் அரியலூர் - தஞ்சாவூர் சாலையும் சந்திக்கிற கீழப்பழுவூரில் இறங்கினாலே போதும்.

சிரிக்க வேண்டாம். இதையே தலைகீழாகச் செய்து காட்டியவர் ஒருவர் இருக்கிறார்.

பெயர் ஜுவோ துப்ரேய். பிரெஞ்சுக்காரர், 1885-ல் பிறந்தவர். 1909-ல், இருபத்து நான்கு வயதில், கல்லூரி ஆசிரியராகப் புதுச்சேரிக்கு வந்தார். சொல்லிக் கொடுத்தது அறிவியல். தமிழ்நாட்டுக் கோயில்களைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க யாரும் காத்திருக்கவில்லை. ஊர் ஊராகப் போனார், பார்த்தார், வரைந்தார், படம் எடுத்தார். எந்த உறுப்புக்கு என்ன பெயர் என்பதை அன்று வேலை செய்துகொண்டிருந்த சிற்பிகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். வந்த ஐந்தாவது வருடம், 1914-ல், தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவருடைய புத்தகம் பாரிசில் வெளிவந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அவர் எதைப் பார்த்தார் என்பதைத்தான். கோபுரத்தின் உயரத்தைப் பார்த்து மலைத்து நிற்கவில்லை. தூணின் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவில் ஒரு கல் இருக்கும். போதிகை என்று பெயர். கோயிலுக்கு ஆயிரம் முறை போனவர்கள்கூட அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தச் சின்னக் கல் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறிக்கொண்டே வந்திருப்பதை அவர் பிடித்துவிட்டார். பல்லவர் காலத்தில் அலை அலையாகச் சுருண்டு வளைந்திருக்கும். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டிவிட்டதுபோல் கோணமாக மாறும். விஜயநகரக் காலத்துக்கு வந்தால் பூமொட்டு தொங்க ஆரம்பித்துவிடும். இது தெரிந்தால் போதும், கல்வெட்டுப் படிக்கத் தெரியாதவர்கூட ஒரு மண்டபத்தின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

அவர் சொன்ன முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைய ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. அது போகட்டும். அவர் வந்தது ஆளும் நாட்டின் உத்தியோகஸ்தராக, இன்று போகிறவர் போவது விசா முத்திரைக்குப் பயந்துகொண்டே. இரண்டும் ஒன்றில்லை, அதுவும் உண்மை. ஆனால் ஒரு சின்ன உறுப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கத்துக்குப் பதவியும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.

சரி, பழுவூருக்கு வருவோம்.

பழுவூர் என்றதும் எல்லோருக்கும் பொன்னியின் செல்வனின் பழுவேட்டரையர்கள் ஞாபகம் வந்துவிடும். 2022-ல் படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். நிஜப் பழுவேட்டரையர்கள் சோழர்களுக்குக் கீழ் இந்தப் பகுதியை ஆண்ட சிற்றரசர்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணை முதலாம் பராந்தகன் மணந்ததை அன்பில் செப்பேடு சொல்கிறது. அதே செப்பேடு பழுவேட்டரையரைக் கேரள அரசர் என்கிறது. கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலைப் பாடிய சம்பந்தரும் இங்கே மலையாளர் வழிபடுவதைக் குறிப்பிடுகிறார். அதாவது வேறொரு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் இது. வெளியூரில் போய்க் காலூன்றுவது இந்த மண்ணுக்குப் புதிய கதை ஒன்றும் இல்லை.

அப்படி வந்தவர்கள் விட்டுப்போனதைப் பார்க்கப் பக்கத்திலேயே கீழையூர் இருக்கிறது. அங்குள்ள இரட்டைக் கோயிலுக்குப் பழைய பெயர் அவனிகந்தர்வ ஈசுவர கிருகம். ஒரே மதிலுக்குள் இரண்டு விமானங்கள். ஒன்றின் சிகரம் சதுரம், இன்னொன்றின் சிகரம் வட்டம். பாடப்புத்தகத்தில் படம் போட்டு விளக்குகிற வித்தியாசத்தை இங்கே ஒரே இடத்தில் நின்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்! கீழிருந்து மேலாகத் தாங்குதளம், சுவர், கூரை உறுப்புகள், கழுத்து, சிகரம், கலசம் என்று ஆறு பகுதிகளையும் விரல் விட்டு எண்ணலாம். முடித்துவிட்டுப் போதிகையைத் தேடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஆகிற வேலைதான்.

இதைச் சொல்ல வெள்ளைக்காரர்தான் வர வேண்டுமா என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. பழுவூர்க் கோயில்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர் திருச்சியைச் சேர்ந்த இரா. கலைக்கோவன். தொழிலால் அவர் கண் மருத்துவர். வரலாறு அவருக்கும் பிழைப்பு இல்லை, ஆர்வம்தான்.

இப்போது பழுவூரில் பழகிய கண்ணோடு அந்த மாணவரைக் கொலோனில் இறக்கிவிடுவோம். இங்கே போதிகை செய்கிற வேலையை அங்கே வளைவு செய்கிறது. கொலோனின் பழைய நகரப் பகுதியில் ரோமனெஸ்க் பாணியில் பன்னிரண்டு பெரிய தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றின் ஜன்னல், வாசல் வளைவெல்லாம் அரைவட்டம். சுவர் கனமாக இருக்கும். பெரிய கதீட்ரல் அதற்குப் பிந்திய கோதிக் பாணி. வளைவின் உச்சி கூராகிவிட்டது, சுவர் மெலிந்து ஜன்னல் பெரிதாகிவிட்டது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே தெருவில் நடக்கும்போது எது முந்தியது, எது பிந்தியது என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். டிக்கெட் கிடையாது, வழிகாட்டியும் தேவையில்லை.

கணக்குப் போட ஆரம்பித்தால் கதைகள் வரும். அந்தக் கதீட்ரலை 1248-ல் ஆரம்பித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்றது. பாதியில் நின்ற கோபுரத்தின் மேல் ஒரு மரப் பாரந்தூக்கி நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. 1842-ல் மறுபடி தொடங்கி 1880-ல் முடித்தார்கள். அறுநூறு வருடத்துக்கு மேல்! முதல் செமஸ்டரில் ரெண்டு பேப்பர் போய்விட்டதே என்று உடைந்து போயிருக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்காதா? :-)

கொலோன் என்ற பெயரே 'குடியேற்றம்' என்ற பொருள் கொண்ட கொலோனியா என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கி.பி. 50-ல் ரோமானியர்கள் அந்தத் தகுதியைக் கொடுத்தார்கள். அதுவும் வந்து குடியேறியவர்களின் ஊர்தான், பழுவூரைப் போல.

இதைப் படித்துவிட்டு "அவன் காப்பாத்தறான், நாம விட்டுட்டோம்" என்ற வழக்கமான ஒப்பாரியை ஆரம்பித்துவிட வேண்டாம். 2009 மார்ச்சில் சுரங்க ரயில் வேலை நடந்த இடத்தில் கொலோன் நகர ஆவணக் காப்பகமே இடிந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், பல நூற்றாண்டு ஆவணங்கள் இடிபாட்டுக்குள் போயின. அலட்சியத்துக்கு நாடு கிடையாது. இங்கேயும் திருப்பணி என்ற பெயரில் பல கோயில்களில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பும் பெயிண்டும் பூசினார்கள். மணலை வீசிச் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று எழுத்தைத் தேய்த்தார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை. அந்தச் சுவரில் இருப்பது என்னவென்று பார்க்கத் தெரியாததால்.

பார்க்கத் தெரிந்த பத்துப் பேர் ஊரில் இருந்தால், பெயிண்ட் வாளியோடு வருகிறவரிடம் "அண்ணே, அங்க எழுத்து இருக்கு, விட்டுடுங்க" என்று சொல்ல ஒருவராவது இருப்பார். ஆகவே இந்தப் பழக்கம் வெளியூரில் தனிமையைப் போக்குவதோடு நிற்பதில்லை, சொந்த ஊரில் ஒரு சுவரையும் காப்பாற்றும்.

கோயில் என்பது கும்பிடும் இடம், அதைப் போய்க் கட்டடமாகப் பார்ப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னது? விளக்கு எரிக்கக் கொடுத்த ஆட்டையும் நிலத்தையும் கல்லில் வெட்டி வைத்தவர்கள், நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதானே வெட்டினார்கள்? கும்பிட்டு முடித்த பிறகு ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் சாமி கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

வேலைக்கும் வாடகைக்கும் ஓடவே நேரமில்லை, இதில் கட்டடக்கலை வேறா என்ற கேள்வி இன்னும் நியாயமானது. வெளிநாட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளின் கஷ்டம் சாதாரணமில்லை. ஆனால் எப்படியும் நடந்துதானே வேலைக்குப் போக வேண்டும்? போகிற வழியில் ஒரு வாசலைப் பார்க்கக் காசு ஆகாது. நாளைக்கு அந்த வாசலை மறுபடி பார்க்கும்போது தெரிந்த முகம் போல இருக்கும். தெரிந்த முகம் நாலு சேர்ந்தால் அது அந்நிய ஊர் இல்லை.

எனவே விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது என்றிருக்கும் நண்பர்களே, பெட்டி அடுக்குவதை வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூரிலிருந்து பஸ் ஏறுங்கள். முதலில் ஆலந்துறையார் கோயில், அப்புறம் கீழையூர். கையில் ஒரு நோட்டு, ஒரு பென்சில். ஒரே ஒரு போதிகையைப் பார்த்து வரையுங்கள். கோணலாக வந்தால் பரவாயில்லை. அந்த நோட்டு இருபது கிராம்கூட இருக்காது, பெட்டியில் தாராளமாக இடம் இருக்கும்.