பாலும் ஆப்பிளும்

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ (1945) புரட்சிக்கு எதிரானது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அதற்காகவே வேறு சிலர் கொண்டாடுகிறார்கள். இரண்டுமே பிழையான வாசிப்புகள்.

கறந்த பாலையும் உதிர்ந்த ஆப்பிள்களையும் பன்றிகள் தமக்கென எடுத்துக்கொள்ளும் இடமே கதையின் திருப்பம் என்று 1946இல் எழுதிய கடிதமொன்றில் ஆர்வெல் சொல்கிறார். 1921இன் குரோன்ஸ்டாட் எழுச்சியையும் அங்கே நினைவூட்டுகிறார். மற்ற விலங்குகள் அப்போதே மறுத்திருந்தால் பண்ணை பிழைத்திருக்கும் என்பது அவர் எண்ணம்.

நெப்போலியனை ஸ்டாலின் என்றும் ஸ்னோபாலை டிராட்ஸ்கி என்றும் அடையாளம் காண்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். அந்தப் பங்கீட்டுக்கு ஸ்னோபாலும் உடன்பட்டது. எனவே, நல்ல தலைவன் தோற்ற கதையல்ல இது. ஐந்து வாளிப் பாலுக்காக முணுமுணுத்து அடங்கிப்போனவர்களின் கதை. வரலாற்று நூல்களில் தீர்மானங்களுக்கிடையே மறைந்துபோகும் அத்தருணத்தைப் பன்றிகளின் கூழில் கலந்த பாலாகக் காட்டிவிடுகிறது உருவகம். நாம் எந்தப் பாலுக்கு முணுமுணுத்து அடங்கினோம்?