ஓ மை கடவுளேயும் அத்தையின் ரெண்டாவது கன்ட்ரோலரும்

முதல்லயே சொல்லிடறேன். 'ஓ மை கடவுளே' எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். 2020 பிப்ரவரி 14-ஆம் தேதி ரிலீசானதுல இருந்து நாலு தடவை பார்த்திருக்கேன். அடுத்து என்ன வசனம் வரும்னு முன்னாடியே சொல்லி, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட திட்டு வாங்குற அளவுக்கு அத்துப்படி. அதனால இது படத்தைக் கிழிச்சுத் தோரணம் கட்டுற கட்டுரை இல்லை. அஞ்சாவது தடவை பார்த்தப்போ பக்கத்துல எங்க அத்தை உட்கார்ந்திருந்தாங்க. பிரச்னை அங்கதான் ஆரம்பிச்சுது.

அத்தைன்னா அப்பாவோட தங்கச்சி. 51 வயசு. கிழக்கு தாம்பரத்துல எங்க வீட்டு முன் ரூம்லதான் அவங்க தையல் மெஷின் இருக்கு. கேம்ப் ரோடு வரைக்கும் பாதி கல்யாண ஜாக்கெட் அங்க தைச்சதுதான் (கொஞ்சம் ஓவர்தான், ஆனா ரொம்ப ஓவர் இல்லை). படம் பார்க்கும்போதும் கை சும்மா இருக்காது. அன்னிக்கு ஒரு பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் வெச்சுத் தைச்சுக்கிட்டே பார்த்தாங்க.

படம் பார்க்காத புண்ணியவான்களுக்காகக் கதைச் சுருக்கம். அர்ஜுனும் (அசோக் செல்வன்) அனுவும் (ரித்திகா சிங்) சின்ன வயசுல இருந்து ஃப்ரெண்ட்ஸ். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு அனு கேட்கிறா. வேணாம்னு சொல்ல காரணம் எதுவும் தோணாததால இவனும் சரிங்கிறான். மாமனாரோட டாய்லெட் கம்பெனியில வேலை, வீட்ல தினம் சண்டை, கடைசியில விவாகரத்து கேட்டு கோர்ட். அப்போ கடவுளா வர்ற விஜய் சேதுபதி அவனுக்கு ஒரு கோல்டன் டிக்கெட் கொடுக்கிறார். அதை வெச்சு அனு கேட்ட அதே நிமிஷத்துக்குத் திரும்பிப் போய் 'வேணாம்'னு சொல்றான். வேறொரு வாழ்க்கை வாழ்ந்து பார்க்கிறான். அனுவோட அருமை புரியுது. திரும்பி வந்து அவளோட சேர்ந்துடறான். சுபம். அஸ்வத் மாரிமுத்துவுக்கு இது முதல் படம். 2022-ல தெலுங்குலயும் கன்னடத்துலயும் ரீமேக் கூட ஆச்சு.

யோசிச்சுப் பார்த்தா இது அப்படியே வீடியோ கேம். லைஃப் போச்சா? பழைய இடத்துக்குப் போ, மறுபடி ஆடு, இந்தத் தடவை பள்ளத்துல விழாதே.

படம் முடிஞ்சுது. எனக்கு அஞ்சாவது தடவையும் கண்ணு லேசா கலங்குச்சு. அத்தை நூலைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு, "சரிடா, அந்தப் பொண்ணுக்கு டிக்கெட் எங்க?"ன்னாங்க.

எனக்குப் புரியலை.

"சின்ன வயசுல உன் டிவி கேம்ல என் கன்ட்ரோலர் ரிப்பேர்னு சொல்லுவியே... அந்த மாதிரிதான் இருக்கு உன் படம்."

இதுக்குக் கொஞ்சம் விளக்கம் வேணும். நான் ரெண்டாவது படிக்கும்போது சண்முகம் ரோட்ல அப்பா ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார். நம்ம எல்லார் வீட்லயும் இருந்த அதே மஞ்சள் கேசட், அதே மரியோ. ஜப்பான்ல 1985-ல வந்த கேம், நம்ம வீட்டுக்கு வந்து சேர 25 வருஷம் ஆச்சு. ரெண்டு பேர் ஆடினா மரியோ செத்ததும் லூயிஜிக்கு டர்ன் வரும். லூயிஜி எங்க அத்தை. எனக்கோ அவங்க ஆடுற வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. அதனால ரெண்டாவது கன்ட்ரோலர் ஒயரை நைசா உருவி விட்டுடுவேன். அத்தை பட்டனை அமுக்கு அமுக்குன்னு அமுக்குவாங்க. லூயிஜி நேரம் முடியுற வரைக்கும் அப்படியே நின்னு செத்துப் போவான். "ரிப்பேர் அத்தை"ன்னு சொல்லிட்டு நான் என் ஆட்டத்தை ஆடுவேன். இது அவங்களுக்குத் தெரியாதுன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன். (தெரிஞ்சிருக்கு. அப்பவே தெரிஞ்சிருக்கு. ஹி ஹி.)

இதை அத்தை சும்மா சொல்லலை. அவங்க கல்யாணம் அஞ்சு வருஷத்துல முடிஞ்சுபோன கல்யாணம். அந்த அஞ்சு வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு அவங்க சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு வண்டியைப் பிடிச்சு கோர்ட்டுக்கு அலைஞ்சதை மட்டும் அப்பா சொல்லியிருக்கார். எல்லாம் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு அந்த மாமா ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். கையில ஒரு பை ஆப்பிள். அவர் சொன்னது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு: "பழசை எல்லாம் மறந்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்."

அத்தை முடியாதுன்னுட்டாங்க. பாட்டி சாகிற வரைக்கும் "அவன்தான் திருந்தி வந்தானே, இவளுக்குத்தான் கல் மனசு"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. சத்தியமா சொல்றேன், நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்.

அன்னிக்கு அத்தை சொன்னாங்க: "அவர் திருந்தினது நிஜமாவே இருக்கலாம்டா. ஆனா அவர் திருந்துற வரைக்கும் நான் என்ன, உன் லூயிஜி மாதிரி அதே இடத்துல நின்னுட்டு இருந்தேனா?"

இதுக்கு அப்புறம் படத்தை வேற மாதிரி யோசிச்சேன். அர்ஜுன் ரெண்டு வாழ்க்கை வாழ்ந்துட்டு வர்றான். அனுவுக்குத் தெரிஞ்சது ஒரே வாழ்க்கை. அவளைப் பொறுத்தவரைக்கும் காலையில வரைக்கும் இவன் பழைய அர்ஜுன், திடீர்னு புது அர்ஜுன். அவ பட்டது எதுவும் அழியலை. இருந்தும் அவ அவனை நம்பி ஏத்துக்கணும், அப்பதான் நாம கைதட்டுவோம். பி.காம் முதல் செமஸ்டர்ல சொல்லித் தர்ற முதல் பாடமே, ஒரு பக்கம் வரவு இருந்தா இன்னொரு பக்கம் பற்று இருக்கணும்னுதான். பாச்சோலின்னு ஒரு இத்தாலிக்காரர் 1494-லயே புத்தகத்துல எழுதி வெச்சுட்டுப் போயிட்டார். அர்ஜுனோட ரெண்டாவது லைஃபுக்குப் பற்று யார் கணக்குல? படம் அதைக் காட்டாம பேலன்ஸ் ஷீட்டை மூடிடுது.

இது இந்த ஒரு படத்தோட பிரச்னை இல்லை. 1998-ல 'ஸ்லைடிங் டோர்ஸ்'னு ஒரு இங்கிலீஷ் படம். லண்டன்ல ஒரு பொண்ணு ரயிலைப் பிடிச்சா ஒரு வாழ்க்கை, விட்டா இன்னொரு வாழ்க்கை. அதே மாதிரி கருவோட 2001-ல ஜீவா இயக்கத்துல நம்ம '12பி' வந்துச்சு. இங்க ரயில் பஸ் ஆச்சு, அவள் அவன் ஆச்சு. ரெண்டு வாழ்க்கையும் ஷாமுக்கு. சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் ஆளுக்கு ஒண்ணுதான். 2021-ல வந்த 'மாநாடு' இன்னும் சூப்பர். அதுல ரெண்டாவது கன்ட்ரோலர் நிஜமாவே இருக்கு, ஆனா அது வில்லன் எஸ்.ஜே.சூர்யா கைக்குப் போகும். கல்யாணி பிரியதர்ஷனுக்குப் போகாது!

"காமெடி படத்துல போய் இதெல்லாம் தேடுறியே"ன்னு என் ஃப்ரெண்ட் கேட்டான். நியாயமான கேள்விதான். தப்பு ஆம்பளை பக்கம்னு ஒத்துக்கிற காதல் படங்கள் நம்ம ஊர்ல குறைச்சல், அதை இந்தப் படம் செய்யுது. அனுவையும் வில்லி ஆக்கலை, நடுவுல வர்ற மீராவையும் (வாணி போஜன்) வில்லி ஆக்கலை. அதுக்காகவே எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனா ஒரு படத்தை நாலு தடவை பார்த்தா அது வாயில ஒட்டிக்கும். "ஸாரி சொல்லிட்டேன்ல, முதல்ல இருந்து ஸ்டார்ட் பண்ணலாம்"ங்கிறதை கேன்டீன்ல எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கோம்? நானே ஒரு தடவை சொல்லியிருக்கேன். யார்கிட்டன்னு சொல்ல மாட்டேன், அவங்களும் இதைப் படிக்கலாம். அவங்க பதில் சொல்லாம எழுந்து போனப்போ திமிருன்னு நினைச்சேன். இப்ப அப்படி நினைக்கலை.

மன்னிப்பு கேட்கிறது நம்ம டர்ன். அதுக்கு அப்புறம் அவங்க டர்ன். அவங்க என்ன ஆடினாலும் சரி, ஆடாம எழுந்து போனாலும் சரி, ஒயரை உருவக் கூடாது. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்.

இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. வீடியோ கேம் காதல் படம்னாலே எல்லாரும் சொல்றது 2010-ல எட்கர் ரைட் எடுத்த 'ஸ்காட் பில்கிரிம்'. காதலி ரமோனாவோட ஏழு பழைய ஆட்களை ஹீரோ அடிச்சு ஜெயிக்கணும். அடிச்சா காசா கொட்டுவாங்க. கடைசி சண்டையில செத்தும் போவான், சேர்த்து வெச்ச எக்ஸ்ட்ரா லைஃப்ல திரும்பி வந்து ஜெயிப்பான். அதுலயும் லைஃப் அவனுக்கு மட்டும்தான். ஆனா மூலக் கதையை வரைஞ்ச பிரையன் லீ ஓமாலி 2023-ல அதே கதையை அனிமேஷன் தொடரா இன்னொருத்தரோட சேர்ந்து எழுதினார். முதல் எபிசோட்லயே ஹீரோ தோத்துக் காணாமப் போயிடறான். அப்புறம் கதையை நடத்துறது ரமோனா.

இதை அத்தைகிட்ட சொன்னேன்.

"பரவாயில்லையே, 13 வருஷம் கழிச்சாவது கொடுத்தாங்களே"ன்னு சொல்லிட்டு ஊசியை நீட்டினாங்க. "கண்ணு தெரியலை, நூலைக் கோத்துக் கொடு."

கோத்துக் கொடுத்தேன்.

டிஸ்கி: அத்தைகிட்ட படிச்சுக் காட்டி பர்மிஷன் வாங்கிட்டுதான் போடுறேன். 51-ஐ 50-னு மாத்தச் சொன்னாங்க. மாத்தலை.