டொக்டர் மாப்பிள்ளையும் பத்துப் பேர்ச் காணியும்

கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் 2010 மே மாதம் படையினரின் காவலுடன் வீடுகள் இடிக்கப்பட்டபோது எங்களுக்கெல்லாம் கோபம் வந்தது. வரத்தான் வேண்டும். நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டதும் அதே ஆண்டில்தான். மலாயரும் சோனகரும் தமிழரும் தலைமுறைகளாகக் கலந்து வாழ்ந்த அந்தத் தெருக்களின் மேலே இன்று சொகுசு மாடிகள் எழுந்து நிற்கின்றன. எம்மவர் அதுபற்றிக் கவலைப்பட்டார்கள், கூட்டங்களில் பேசினார்கள். நன்று. ஆனால் அதே வேலை கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் வருடக்கணக்காக நடந்துகொண்டிருக்கிறது. இங்கே புல்டோசர் வரவில்லை. தரகர் வந்தார், நொத்தாரிசு வந்தார், கலியாணப் பேச்சு வந்தது. இதைப் பற்றி மட்டும் ஏன் எவரும் எழுதுவதில்லை? எழுதக்கூடியவர்களில் பாதிப்பேர் அந்தப் பேச்சில் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

1964இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் இலண்டன் நகரைப் பற்றி எழுதும்போது இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தார். தொழிலாளர் குடியிருந்த தெருக்களில் வசதி படைத்தவர்கள் ஒவ்வொரு வீடாக வாங்கினார்கள். வாடகையும் விலையும் ஏறின. இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் அந்தத் தெருவின் குணமே மாறிப்போனது. யாரும் யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. விலைதான் தள்ளியது. எங்கள் பாஷையில் அதற்கு ஒற்றைச் சொல் இல்லாவிட்டாலும் காரியம் எங்களுக்குத் தெரியாததல்ல.

எங்களூர்களின் கிடப்பைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே பிரதான வீதியை ஒட்டி ஒரு நாடா. இலங்கையில் மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களுள் இதுவும் ஒன்று. கிழக்கே நகர முடியாது. மேற்கே நகர்ந்தால் வயலை மூட வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி வயல் மூடுவதைக் குற்றம் என்கிறது. 2004 டிசம்பரில் கடல் வந்தது. உயிரிழப்பில் நாட்டிலேயே முதலிடம் அம்பாறை மாவட்டத்துக்குத்தான். அதன்பின் வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பிறகு இங்கே அதை 65 மீற்றராகக் குறைத்தார்கள். நாடா இன்னும் ஒடுங்கியது. கரையோரம் இழந்தவர்களுக்கென்று அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள் வழக்கில் சிக்கி, 2008இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வந்து, ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்த கதையை நான் விவரிக்கத் தேவையில்லை. அதற்கு அரசியலைத் திட்டித் தீர்த்தாயிற்று. இப்போது நம்மைப் பற்றிப் பேசுவோம்.

இந்த ஒடுங்கிய நாடாவின் மேல்தான் டொக்டர் மாப்பிள்ளையின் விலை வந்து உட்காருகிறது.

ஒரு டொக்டரின் தொழில்வாழ்க்கை எங்களூரில் எப்படி நிர்வகிக்கப்படுகிறது! நிர்வாகம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் தேறிய அன்றே பிள்ளைக்குப் பெயர் மாறுகிறது, "டொக்டர் மகன்" என்று. உயர்தரத்தில் உயிரியல், மூன்று தடவை முயற்சி, விடிய விடிய ரியூசன். வெட்டுப்புள்ளி வந்ததும் பள்ளிவாசல் முன்னால் பதாகை. மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம் ஆகும்போதே தரகர் வாசலில். ஒரு வருட உள்ளகப் பயிற்சி முடியுமுன் கைக்கூலித் தொகை ஊருக்கே தெரிந்துவிடும். வெறும் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரு விலை, நிபுணராகப் படிக்கப் போகிறவருக்கு வேறு விலை. பிறகு கடமை நேரம் முடிந்ததும் பிரதான வீதியில் தனியார் சிகிச்சை. அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே, குறை சொல்ல மாட்டேன். அதற்கும் பிறகு பிள்ளைகளின் படிப்புக்கென்று தெஹிவளை. 2022 நெருக்கடிக்குப் பின் அதையும் தாண்டி, இங்கிலாந்தோ அவுஸ்திரேலியாவோ.

இதில் எது அவருடைய உழைப்பு, எது ஊரின் முதலீடு? 1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். பல்கலைக்கழக அனுமதியில் நெடுங்காலமாக நூற்றுக்கு 40 திறமைக்கு, 55 மாவட்டத்துக்கு, மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பதினாறில் அம்பாறையும் ஒன்று. அதாவது கொழும்பில் அதே புள்ளி எடுத்த பிள்ளைக்குக் கிடைக்காத இடம் எங்கள் பிள்ளைக்குக் கிடைக்கிறது. ஏன்? எங்கள் மாவட்டம் ஏழை என்பதால். ஏழைகளின் பேரால் பெற்ற இடத்தில் படித்தவர், அந்த ஏழைகளின் தெருவில் காணி விலையை ஏற்றிவிட்டுப் போகிறார் என்றால் இதற்கு என்ன பெயர்?

விலை எப்படி ஏறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டொக்டர் மாப்பிள்ளை கேட்பது கடற்கரைப் பக்கத்து ஓலை வீடல்ல; வீதிக்குக் கிட்ட, வாகனம் திரும்பக்கூடிய காணி. பெண்ணின் வாப்பா வியாபாரியாக இருந்தால் பக்கத்து இரண்டு துண்டையும் சேர்த்து வாங்கி மேல்மாடி எழுப்புகிறார். அந்த ஒழுங்கையில் அதுதான் இனி ஒரு பேர்ச்சின் விலை. அடுத்த வீட்டு மீன்காரருக்கு மூன்று குமர்ப் பிள்ளைகள். அவர் தம்முடைய ஆறு பேர்ச்சைப் பிரித்து மூவருக்கும் வீடு கட்ட முடியாது, பக்கத்தில் வாங்கவும் முடியாது. இருப்பதை விற்றுவிட்டு மேற்கே, மூடிய வயலில், மாரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் இடத்துக்குப் போகிறார். அவருடைய மனைவி வீடு கட்டுவதற்கென்று சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போகிறார். கிடுகு வேலிக்குப் பதில் ஆளுயர மதில் வருகிறது. கரைவலைக்காரர் வாடிக்கு நடந்துபோன ஒற்றையடிப் பாதை மதிலுக்குள் போய்விடுகிறது. கிணற்றுக்குப் பத்தடியில் மலசலகூடக் குழி. அந்தத் தண்ணீரால் வரும் வயிற்றோட்டத்துக்கு மருந்தெடுக்க அதே டொக்டரிடம்தான் துண்டு போட வேண்டும். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

இங்கே ஒருவர் எழும்பி, "சேர், வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பது எங்கள் பாரம்பரியமல்லவா?" என்று கேட்பார். ஆம், அதை நான் மதிக்கிறேன். எங்கள் கரையோரத்தில் குடி தாய்வழி, வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். எங்கள் தமிழ் அயலவரிடமும் இதே வழக்கம்தான். தலாக் ஆனாலும் எங்கள் பெண் தெருவில் நிற்பதில்லை. உறுதி அவள் பெயரில் இருக்கும். அந்த வழக்கம் ஒரு கூரையைக் கொடுத்தது. இன்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பது கூரையல்ல. கல்முனையில் ஒரு மாளிகை, தெஹிவளையில் ஒரு மாடிவீடு. கல்முனை வீடு பூட்டிக் கிடக்கும், பெருநாளுக்குத் திறக்கும். வீடு கொடுத்த வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் இரண்டு அறையில். இதுவா மூத்தவாப்பா காலத்து வழக்கம்?

மௌலவிமார் கைக்கூலிக்கு எதிராகக் குத்பாவில் பேசுகிறார்கள். ஆனால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் கைக்கூலி என்றால் மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் சொத்து. பெண் அதைக் காதியிடம் வழக்குப் போட்டுத் திரும்பப் பெறலாம். காணியும் வீடும் அசையாச் சொத்து. அந்த வரைவிலக்கணத்துக்குள் வராது. ஆகவே "நாங்கள் ஒரு சதம் கைக்கூலி வாங்கவில்லை" என்று மேடையில் மார்தட்டும் குடும்பம், அதே வாரம் இருபது பேர்ச் உறுதியில் கையெழுத்து வாங்கியிருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை! மஹர் மட்டும் சிறு தொகையாக, சுன்னத்தைக் காரணம் காட்டி.

டொக்டர்மார் மீது எனக்குப் பகையில்லை. என் வகுப்பிலிருந்தும் போயிருக்கிறார்கள், போவார்கள், போக வேண்டும். கொரோனாக் காலத்தில் வாட்டில் நின்றவர்களும் அவர்கள்தான். ஆனால் ஆசிரியரும் தாதியும் கிராம உத்தியோகத்தரும் மீனவரும் குடியிருக்க முடியாத ஊரில் டொக்டர் மட்டும் யாருக்கு வைத்தியம் பார்ப்பார்?

பள்ளிவாசல் நிர்வாகங்கள் நினைத்தால் நிக்காஹ் பதிவின்போது பணத்தை மட்டுமல்ல, அந்தக் கலியாணத்தை முன்னிட்டு மாறிய காணியையும் தங்கள் குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம்; சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கைகளை மதில் விழுங்குவதை மாநகரசபையும் பிரதேச சபைகளும் தடுக்கலாம். எழுதுகிறவர்கள் கொம்பனித்தெருவுக்குக் கவிதை எழுதிய பேனாவால் தங்கள் ஒழுங்கையையும் ஒருமுறை எழுதலாம். மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்வேன். காணி உறுதியின் பிரதியையும் கூடவே அனுப்பினால் பேசுவதற்கு வசதியாக இருக்கும்.